தலைதட்டிய கரண்டி

பந்தியில் எல்லோரும் பார்த்திருக்க, சிம்ரன் சட்டையை லேசாகத் தூக்கி, வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டாள்.

முகம் சுளிக்கவில்லை. மருந்து முழுதும் இறங்குவதற்காக உதட்டுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் இன்சுலின் பேனாவை எடுத்தாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை.

அவள் உட்கார்ந்திருந்தது படையல் இலையில். நினைவு நாளுக்கு அவள் அம்மா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட அந்த இலையில் வீட்டுப் பிள்ளைதான் சாப்பிட வேண்டும். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கக் கூடாது. சோறு மட்டும் பந்தி தொடங்கும்போது சூடாகப் போடுவார்கள்.

மாவுச்சத்துக் கணக்கும் அவள் போட்டதுதான். உளுந்தவடைக்குப் பதினைந்து. எங்கள் தோட்டத்துப் பன்னீர்த் திராட்சை, சின்னக் கொத்து, அதற்கு இருபது. கறிக்குக் கணக்கில்லை, எவ்வளவும் சாப்பிடலாம். விளிம்போடு வழித்துத் தலைதட்டிய கரண்டியில் இரண்டு கரண்டி சோறு என்றால் நாற்பது. ஆக எழுபத்தைந்து கிராம், பதினைந்துக்கு ஒன்றாக ஐந்து யூனிட் மருந்து.

என் காதில் சொன்னாள். என் மனதிலும் அதே எண்தான் இருந்தது.

கணக்குப் பாடத்துக்குப் பயந்தே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். இந்தக் கணக்கை நாங்கள் இருவரும் பழகியது திராட்சைக் கொட்டகைத் தராசில். இட்லியையும் வடையையும் நிறுத்துப் பார்க்கிறோம் என்று லோடு ஏற்ற வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

சிம்ரனுக்குப் பெரியம்மாவான ஜோதிலட்சுமி அக்கா சோற்று வாளியோடு வந்தார். காலையில் தேவாரத்திலிருந்து வந்து இறங்கியவர், தங்கை இடத்துக்கு வாழவந்த என் முகம் பார்த்து இன்னும் பேசவில்லை.

கரண்டியில் சோறு கோபுரமாக நின்றது.

தலைதட்டி இரண்டு கரண்டி போதும் என்றேன். நாலு பேர் நடுவில் எனக்குக் குரல் எழும்பாது. நான் சொன்னது அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அவர் சொன்னது பந்தி முழுக்கக் கேட்டது.

"பிள்ள திங்கிற சோத்த அளந்து போடுறவள இங்கனதான்டி பாக்குறேன்."

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்படி எண்ணிப் போட்டால் பிள்ளைக்கு உடம்பில் ஒட்டாது என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்.

ஊசி போட்டாயிற்று. அதற்கு மேல் விழுகிற ஒவ்வொரு பிடிச் சோறும் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். மாசி மாதம் சர்க்கரை ஏறி மூச்சு வாங்கிக் கிடந்த பிள்ளையை ஜீப்பில் போட்டுக்கொண்டு தேனிக்கு ஓடியது ஞாபகம் வந்தது.

வாயைத் திறந்தேன்.

அதற்குள் சிம்ரன் இலைக்கு மேல் தன் கையை விரித்துக் காட்டினாள்.

"எங்கம்மாவுக்கு அளந்து போட ஆளில்லாமப் போச்சு, பெரியம்மா. எனக்குச் சின்னம்மா இருக்காக."



சுவரில், மாலைக்குள்ளிருந்து, அக்காவின் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் கொண்டுபோனது இதே சர்க்கரைதான்.

ஜோதிலட்சுமி அக்கா படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கட்டைவிரலை வைத்துக் கரண்டியின் விளிம்போடு வழித்தார். கோபுரம் சரிந்து வாளிக்குள் விழுந்தது.

இலையில் போடவில்லை. கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, நான் தலையசைக்கும்வரை காத்திருந்தார்.