பதினேழாம் எண்

“இதில என்ன நம்பர் போட்டிருக்கு எண்டு சொல்லுங்கோ, தம்பி.”

டொறத்தி அக்கா மீன் பெட்டியை லோறன்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினார். லோறன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருக்கிறது, பெட்டி அவர் கையில் இருக்கிறது, பிறகு எதற்கு அவன் வாசிக்க வேண்டும்?

“பதினேழு, அக்கா.”

“அப்ப வேண்டாம். வேற எடுங்கோ.”

ஜெர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் லோறன்ஸ் கடை திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மரக்கறிக்கு வேறு கடை இருந்தாலும், உறைந்த மீனுக்கு இவனிடம்தான் சனம் வரும். அதற்குப் பாதிக் காரணம் குளிர்பெட்டிக்கு மேலே தொங்கும் படம். மீன் கொம்பனி தன் அறுபதாவது ஆண்டுக்காகப் பழைய விளம்பரம் ஒன்றைத் தூசு தட்டி, மறுபடி அச்சடித்துக் கடைகளுக்குக் கொடுத்திருந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி பூதக்கண்ணாடியால் மீன் துண்டை உற்றுப் பார்க்கிறாள். கீழே ஜெர்மன் மொழியில், ‘எங்கள் கண் பார்க்காத மீன் உங்கள் தட்டுக்கு வராது.’ லோறன்ஸ் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லியே வியாபாரத்தைப் பிடித்துவிட்டான்.

விளம்பரத்தோடு கொம்பனி பழைய வழக்கம் ஒன்றையும் திரும்பக் கொண்டுவந்தது. மீனில் முள் இருக்கிறதா என்று பார்த்த தொழிலாளியின் எண்ணை ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் சின்னதாக அடித்தார்கள். டொறத்தி அக்கா வரும்வரை அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

முதல்முறை அவர் பதினேழை ஒதுக்கியபோது, ஏதோ ராசி பார்க்கிறார் என்று விட்டுவிட்டான். மூன்றாம் முறையும் ஒதுக்கியபோது சந்தேகம் வந்தது. அடுத்த தெருவில் கடை வைத்திருக்கும் தபோதரன் அனுப்பிய ஆளாக இருக்குமோ? தபோதரன் அதெல்லாம் செய்யக்கூடியவன்தான். ஆனால் இந்த அக்கா விலை கேட்பதில்லை, ஊர்க்கதை பிடுங்குவதில்லை. வந்ததும் படத்தின் முன்னே நின்று ஒரு பெருமூச்சு விடுவார், நேரே குளிர்பெட்டிக்குப் போவார். தேநீர் கொடுத்து, எங்கே வேலை என்று ஒருநாள் நைசாகக் கேட்டும் பார்த்தான்.

“வேலையைப் பற்றி மட்டும் கேக்காதேங்கோ, தம்பி,” என்று சொல்லிவிட்டார்.

அதோடு லோறன்ஸ் முடிவுகட்டிவிட்டான். உணவுப் பரிசோதனைக் கந்தோர்தான் ஒரு தமிழ்ப் பெண்ணை வேவு பார்க்க அனுப்பியிருக்கிறது. குளிர்பெட்டியின் வெப்பமானியை மணிக்கு நாலு தடவை பார்ப்பதே அதன்பிறகு அவனுக்கு வேலையாகிவிட்டது.

மனம் கேளாமல் பதினேழாம் எண் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனான். முள்ளில்லாத மீன் என்று நம்பி மனைவி குமுதினி குழம்பு வைத்தாள். இரண்டாம் வாயிலேயே தொண்டையில் முள். அவன் சோற்றை உருட்டி உருட்டி விழுங்க, குமுதினி அந்தப் படத்தைக் கழற்றி எறியச் சொன்னாள். மறுநாள் பன்னிரண்டாம் எண்ணைச் சமைத்தார்கள். அதில் மருந்துக்கும் முள் இல்லை. பெட்டியைத் திறக்காமலே இந்த அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று லோறன்ஸ் மண்டையைக் குடைந்துகொண்டான்.

இன்று அவர் வந்திருப்பது நாற்பது பெட்டிக்கு. சனிக்கிழமை மகள் அஞ்சலாவுக்குப் பதிவுத் திருமணம், எண்பது பேருக்கு மீன் கட்லட். இவ்வளவு பெரிய ஓடர் இந்தக் கடைக்கு வந்ததே இல்லை. கட்லட் நன்றாக இருந்தால் அந்த எண்பது பேரும் இங்கேதான் மீன் வாங்குவார்கள். லோறன்ஸ் கடை மீன் சரியில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“இது?”

“எட்டு.”

“வையுங்கோ. இது?”

அது பதினேழு. லோறன்ஸுக்கு ஒரு வீம்பு வந்தது.

“பன்னிரண்டு,” என்றான்.

டொறத்தி அக்கா பெட்டியை முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கூடைக்குள் வைத்தார். லோறன்ஸுக்கு வேர்த்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டார், பொய் சொல்கிற கடைக்காரன் என்று கந்தோரில் எழுதிக் கொடுக்கப்போகிறார். அவசரமாகக் கூடைக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்து, தவறி வாசித்துவிட்டதாகவும் அது பதினேழுதான் என்றும் ஒப்புக்கொண்டான்.

“நல்ல காலம், சொன்னீங்கள்,” என்றார் அவர். அதில் கிண்டல் இருந்ததா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பதினேழுகள் மேசையில் குவிந்துகொண்டே போயின. மீன் வாங்க வந்து நின்ற சுகிர்தன் அந்தக் குவியலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். தன் கையிலிருந்த பெட்டியின் மூலையை ஒருமுறை பார்த்தான். சத்தமில்லாமல் அதைத் திரும்பக் குளிர்பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். பொழுதுபடுவதற்குள் ஊர் முழுக்க இந்தக் கதை போய்விடும் என்று நினைக்க லோறன்ஸுக்கு அழுகையே வந்தது.

“அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் தபோதரன்ர ஆளோ, கந்தோர் ஆளோ? பெட்டியைத் திறக்காமலே பதினேழு சரியில்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

டொறத்தி அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, படத்தில் பூதக்கண்ணாடியோடு நின்ற பெண்ணை அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, தம்பி, வேலை போயிடும்,” என்றார் மெல்ல. “அந்தப் பதினேழு நான்தான். கண் டொக்டரைப் பார்க்க வாற தையிலதான் நாள் தந்திருக்கினம்.”