உமிக்கரிப் பலகை

எழுபத்திரண்டில், காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில், புதுவயல் அரிசி மில் உமிக்கரியை ரப்பரில் குழைத்து, ரேடார் அலையை விழுங்கும் பலகை செய்துகொண்டிருந்தேன். அதுவரை அது விழுங்கியது என் தலைமுடியை மட்டும்தான். மறுநாள் டெல்லி அதிகாரி வருகிறார். அலை திரும்பி வந்தால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

அன்று, திரும்பும் அலையைக் காட்டும் முள் பூஜ்யத்தில் நின்றது. அலையை விழுங்கினால் பலகை சுட வேண்டும். சுட்டது.

“ஜெயிச்சாச்சு சேவுகன்!” என்று குதித்தேன்.

“கரண்ட் போயி ரொம்ப நேரமாச்சுங்கய்யா,” என்றார் உதவியாளர் சேவுகன். “எதுக்குக் குதிக்கிறீக?”

வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் பலகை சுட்டுக்கொண்டுதான் இருந்தது. சேவுகன் தொட்டுப் பார்த்தார், கையை எடுக்கவில்லை. சூடு ஐந்து விரல் விரித்த அளவுக்கு மட்டும்தான் இருந்தது.

“அங்குட்டு இருந்து யாரோ கை வச்சிருக்காகய்யா.”

பலகைக்குப் பின்னால் வெறும் சுவர். யாராயிருந்தாலும் சரி, நாளைக்கு இந்தப் பலகையைத்தான் காட்டுவேன் என்று என் கையையும் அழுத்தி வைத்தேன். சூடு என் விரல்களுக்கு இடம் விட்டு, மெல்ல ஒதுங்கிக்கொண்டது.