வாஷெக் வீட்டுக் கன்று

அமெரிக்காவின் வயோமிங் புல்வெளியில், சொந்தக்காரரின் சூட்டு முத்திரையில்லாத கன்று யாருடையது என்று சண்டை வந்தால், அதை அவிழ்த்துவிடுவார்கள். அது எந்தப் பசுவிடம் பால் குடிக்கிறதோ, அந்தப் பசுவின் சொந்தக்காரருக்கே கன்று.

பண்ணைக்காரி ஹெஸ்டர் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு, புதிதாகக் குடியேறிய வாஷெக்கின் குடிசை முன்னால் குதிரையில் வந்து நின்றாள். அவன் கொட்டிலில் கட்டியிருந்த கன்று தன் மந்தையுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது நிரூபணமானால் வாஷெக் திருடன். பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பள்ளத்தாக்கை விட்டுப் போக வேண்டும்.

"பசுவே இல்லாத வீட்டுல கன்னு எப்படிய்யா வந்துச்சு? கோழி அடைகாத்துப் பொரிச்சுதா?"

அவளோடு வந்த பண்ணையாட்கள் சிரித்தார்கள்.

"எங்க பசு போட்டதும்மா. நேத்துக் காலையில கன்னு கொட்டில்ல நின்னுச்சு" என்றான் வாஷெக்.

"உன் பசு பனிப்புயல்லயே செத்துப்போச்சே!"

"ஆமாம்மா. செத்துதான் போச்சு."

"அவுத்துவிடு, டோபியாஸ்" என்றாள் ஹெஸ்டர் தன் ஆளிடம். "நம்ம வெள்ளமூஞ்சிப் பசுகிட்ட எப்படி ஓடுதுன்னு இவரு பாக்கட்டும்."

கன்று வெள்ளைமூஞ்சியைத் தாண்டிப் போனது. மற்ற மாடுகளையும் தாண்டியது. வேலியில் வாஷெக்கின் செத்த பசுவின் தோல் காய்ந்து தொங்கியது. கன்று அதன் அடியில் போய் நின்று, தலையால் முட்டி, வாலை ஆட்டிக்கொண்டு குடிக்கத் தொடங்கியது.

ஹெஸ்டர் குதிரையிலிருந்து இறங்கி, கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். வழக்கத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை.

"உன் கன்னுதான்யா" என்றாள்.

கன்றின் கடைவாயிலிருந்து பால் நுரைத்துப் புல்லில் சொட்டியது. அதில் ஆவி பறந்தது.