கணப்புச் சுவர்

"புகைபோக்கி பக்கத்து வீட்டுப் பக்கமா நல்லாவே சாஞ்சிருக்கும்மா," என்றபடி கொத்தனார் டேரன் கூரையிலிருந்து இறங்கினான்.

"லங்காஷயர் மழைக்கு எதுதான் நிமிர்ந்து நிக்கும்?" என்றாள் எட்னா.

"இடிச்சு எடுத்துட்டு, கீழே கணப்பையும் செங்கல் வச்சு அடைச்சிடலாம். இப்ப யாரு நிலக்கரி எரிக்கிறாங்க?"

"மேலே என்ன வேணா பண்ணு. கணப்பைத் தொடாதே."

"புகைபோக்கி ரெண்டு வீட்டுக்கும் பொது. பக்கத்து வீட்டு நார்மனும் சம்மதிக்கணும்."

"நீயே போய்க் கேளு. நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளா அந்த ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது."

அப்போது கணப்புக்குள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தது. எட்னா கரி கிளறும் கம்பியை எடுத்து, பின்சுவரில் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினாள்.

"என்னம்மா அது?"

"எழுந்தாச்சுன்னு அர்த்தம். மில்லு ஓடின காலத்துல இந்தத் தெருவே சுவத்துலதான் பேசும். எங்கம்மாவுக்கு வலி கண்டப்போ, இப்படித் தட்டித்தான் பக்கத்து வீட்டாளுங்க ஓடிவந்தாங்க. இப்ப தட்டறதுக்கு மிஞ்சினது நாங்க ரெண்டு பேர்தான்."

டேரன் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தான்.

"அவரும் கணப்பைத் தொடாதேங்கறார். 'காலையில அவ நல்லபடியா எழுந்தாளான்னு அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?'னு சண்டைக்கே வந்துட்டார்."

எட்னா கம்பியை மெதுவாக அதன் இடத்தில் சாய்த்து வைத்தாள்.

"ஒரே கட்டில்ல படுத்திருந்த காலத்துல ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருந்தா, நான் எதுக்கு அந்த மனுஷனை விவாகரத்து பண்ணியிருக்கப் போறேன்?"