இன்னொரு கை

நாலாவது பாட்டுக்கான கைதட்டலும் ஓய்ந்துவிட்டது. பியானோவின் முன் உட்கார்ந்திருந்தவள் அடுத்த காகிதத்தை எடுத்து வைத்தாள்.

அடுத்தது கடைசிப் பாட்டு. ‘இன்னொரு கை’.

ஐந்து பாட்டுக்கும் சொல்லும் இவளுடையது, மெட்டும் இவளுடையது. வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக் கிளம்புகிறவன், காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து கடவுளோடு சண்டை போடுகிறவள் என்று பாட்டுக்கு ஒருவர். எல்லாம் அக்கம்பக்கத்தில் பார்த்தது, காதில் விழுந்தது.

கடைசிப் பாட்டு அப்படியில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுத ஒரு மத்தியானம் எழுதியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே ஒரு சுரம்கூடக் கேட்காமல் மெட்டமைத்தது.

பாட வேண்டியிருந்தவள் இவளுடைய தோழி. அவள் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பாட்டுகள். போன வாரம் தோழிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, பேச்சே வெறும் காற்றாகிவிட்டது. நிகழ்ச்சியை ரத்து செய்துவிடலாம் என்று இவள் போனைக் கையில் எடுத்தபோதுதான், இப்போது மேடையில் பக்கத்தில் நிற்கும் இந்த அம்மாள் குறுக்கே வந்தாள். காலமெல்லாம் சேர்ந்திசைக் குழுவில் கடைசி வரிசையில் நின்று பாடியவள். அறுபதைத் தாண்டியாயிற்று. தனியாக ஒரு மேடை ஏறியதில்லை.

அந்தப் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும், நான் பாடுகிறேன் என்றாள். காகிதம் பார்க்காமல் நாலையும் பாடியும் காட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அழைப்பிதழில் ஐந்து என்று போட்டிருக்கிறதே, மிச்சம் ஒன்று எங்கே என்று கையை நீட்டினாள்.

இவள் என்னென்னமோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். மேல் சுரம் எட்டாது, மூச்சுப் பிடிக்காது, நாலே தாராளம். எதுவும் எடுபடவில்லை.

காகிதத்தை வாங்கிய அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். இன்னொரு தரமும் படித்தாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கடைசி வரி கோபமா, அழுகையா?”

“கோபம்” என்றாள் இவள், தரையைப் பார்த்தபடி.

ஒத்திகையில் அந்த ஒரு பாட்டை மட்டும் அம்மாள் வாய்விட்டுப் பாடவேயில்லை. உதட்டுக்குள் முணுமுணுத்ததோடு சரி. மேடையில் மழுப்பிவிடுவாள் என்றுதான் இவள் நினைத்திருந்தாள். சொல்லைப் பாதி விழுங்கி, சர்க்கரை தடவி, ஒப்பேற்றிவிடுவாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவள் கணவன், தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவள் முதல் சுரத்தைத் தொட்டாள்.

*நான் மடித்த போர்வையை*
*உதறி மடிக்குது இன்னொரு கை.*
*நான் கழுவிய கோப்பையை*
*மறுபடி கழுவுது இன்னொரு கை.*

பாடகி குரலை ஏற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற மாதிரி ஆரம்பித்தாள். அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

*நான் பூட்டிய கதவை*
*இழுத்துப் பார்க்குது இன்னொரு கை.*
*ஒன்றும் சொல்லாது. ஒருநாளும் சொல்லாது.*

சிரிப்பு நின்றுவிட்டது.

மெட்டு படியேறத் தொடங்கியது. தோழியின் குரலாக இருந்தால் பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இந்தக் குரலில் கரகரப்பு இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் உரசிக்கொண்டு ஏறியது. தான் எழுதிய சொல்லுக்கு வேண்டியிருந்தது இந்த உரசல்தான் என்று இவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி வரிக்கு முன்னால் பியானோவுக்குச் சின்னதாக ஓர் இடைவாசிப்பு. அதில் இவள் விரல் தடுக்கியது. பாடகி திரும்பவில்லை. பியானோவின் விளிம்பில் கையை மட்டும் வைத்து, இவள் சரிசெய்துகொள்ளும்வரை பொறுத்திருந்தாள்.

பிறகு தலையை நிமிர்த்தினாள்.

*இந்த வீட்டில் நான் செய்து முடித்தது எது?*

வருஷக்கணக்காக இவள் பல்லைக் கடித்து விழுங்கிய அத்தனையும், ஒரு சொட்டுக் குறையாமல், அந்தத் தொண்டையிலிருந்து வெளியே வந்தது. மழுப்பல் இல்லை, சர்க்கரை இல்லை. எட்டாது என்று சாக்குச் சொன்ன சுரம் எட்டியது. எட்டிய இடத்தில் லேசாகப் பிசிறியது. அந்தப் பிசிறில் இவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

எழுதியவளுக்கே இல்லாத தைரியம். எங்கிருந்து வந்தது இந்த மனுஷிக்கு?

கடைசித் தந்தி அடங்கும்வரை இவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. அதற்குள் அரங்கம் எழுந்து நின்றுவிட்டது. பாடகிக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கும்பிட்டாள், பிறகு இவளைக் காட்டினாள், பிறகு மறுபடி கும்பிட்டாள்.

மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே இவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எங்க வீட்டுக் கதையை அப்படியே எழுதிட்டீங்க. உங்க வீட்டுல யாருங்க அந்த மகராசி?”

கணவன் அவசரமாகப் பைக்குள் கார் சாவியைத் தேடத் தொடங்கினான்.

ஒரே மடக்கில் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த பாடகி, பாட்டிலை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“நான்தாங்க. என் மருமக பாவம், பாதியைத்தான் எழுதியிருக்கா.”