ஆறாம் நம்பர்

"மிஸ், ஏலாது. இறுகிப்போனன்!"

என் குரல் இரும்புப் பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி என் காதுக்கே திரும்பி வந்தது.

இடுப்புக்கு மேலே நான் பாலத்துக்குள். இடுப்புக்குக் கீழே கடல்நீரேரிக்கு மேலே, கட்டிவைத்த பரணில். நடுவில் வயிறு. அது பாலத்தின் அடியில் ஆள் நுழையும் துவாரத்தில்.

பரணில் லப்டொப்போடு நின்ற நிவேதனா மிஸ் என் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். எஞ்சினியர் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை.

ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அவர் சொல்லியிருந்தார்.

"பெரிய சேர் போன் எடுத்தவர் அண்ணை. ஆறாம் நம்பரை விட்டிட்டுச் செய்யட்டாம். பன்னிரண்டுக்கு றோட்டைத் திறக்கவேணும். இறங்குங்கோ, லொறியை ஏத்துவம்."

பாலம் பாரம் தாங்குமா என்று சோதிக்க, அதைத் தாங்கும் இரும்புப் பெட்டியின் உட்பக்கத்தில் நகமளவு கேஜ் எட்டு ஒட்டியிருக்கிறோம். இரும்பு மயிரளவு இழுபட்டாலும் அவை லப்டொப்புக்குக் கோள் சொல்லிவிடும். பாலத்தில் ஒன்றும் நிற்காதபோது எட்டும் பூச்சியம் காட்டவேண்டும்.

ஏழு காட்டின. ஆறாவது நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போனது, என் சீனி வருத்தத்தைப் போல.

மற்ற எது பழுதானாலும் பரவாயில்லை. ஆறாவதுதான் பாலத்தின் நடு. பழைய வெடிப்பு ஒன்றை வெல்டிங்கால் மூடிய இடம்.

இருபது தொன் மணலோடு லொறி வந்து நிற்கப்போவதும் அதற்கு நேர் மேலேதான். ஓட்டப்போகிறவன் றொகான், என் மனைவி கத்தரீனாவின் ஒரே தம்பி. என் மோட்டார்சைக்கிளை இரண்டு தரம் மதிலோடு சாத்திய வீரன்.

அவனும் பரணுக்கு இறங்கி வந்துவிட்டான். குரல் கேட்டது.

"அத்தான், அக்கான்ரை புட்டு இப்பதான் வேலை காட்டுது."

என் இரண்டு காலையும் கட்டிப்பிடித்து இழுத்தான். நான் கத்திய கத்தலில் கொக்குகள் எழும்பியிருக்கவேண்டும்.

"லொறியிலை கயிறு கட்டி இழுக்கட்டே?"

"நீ முதல்லை லொறியை மதிலிலை சாத்தாமல் ஓட்டப் பழகு! மிஸ், உவன்ரை கையை எடுக்கச் சொல்லுங்கோ!"

இரும்பு தோசைக்கல்லாய்ச் சுட்டது. மூச்சு இழுக்க இழுக்கத் துவாரம் சிறுத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனுசன் பாலத்துக்குத் தக்கையாகிவிட்டான்.

சும்மா தொங்குவானேன் என்று வலக்கையால் வேலையைத் தொடர்ந்தேன். லப்டொப்போடு கொழுவிய மெசினில் பிழையில்லை, காலையிலேயே ஆறின் வயரை அதில் ஐந்தின் வாயில் கொழுவிப் பார்த்துவிட்டோம், ஐந்து ஏறியது. வருத்தம் கேஜில்தான்.

ரோச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, கேஜின் மேல் பூசிய மெழுகைச் சுரண்டினேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். கொப்பி மட்டையால் விசிறினேன். இன்னொரு தரம் துடைத்தேன்.

"காஸிலை இரும்பு வெட்டுற ஆளுக்குச் சொல்லியிருக்கிறன் அண்ணை," என்றார் மிஸ். "இருவது நிமிசத்திலை வந்திடுவார்."

இருபது நிமிடம். விசிறல் வேகமானது.

கீழே றொகான் என் செருப்பைக் கழற்றி, பாதங்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான். பகிடியைக் காணவில்லை.

"பயப்பிடாதேங்கோ அத்தான். நீங்கள் உள்ளுக்கை இருக்குமட்டும் ஒருத்தரும் லொறியை ஏத்தேலாது. நான் விடன்."

அது எனக்குத் தெரியும்.

எத்தனை தரம் விசிறினேனோ, கை மரத்துப்போனது. பிறகு மிஸ்ஸின் குரல், முதலில் மெதுவாக.

"அண்ணை... ஆறு இறங்குது. பன்னிரண்டு. நாலு." பிறகு பெரிதாக. "பூச்சியம்! நிக்குது அண்ணை, அசையாமல் நிக்குது! சேருக்குச் சொல்லுறன், எட்டையும் வைச்சே செய்வம்."

புது மெழுகைப் பூசினேன். காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, இவ்வளவு நேரமும் உள்ளே இரும்பு விளிம்பைப் பிடித்திருந்த இடக்கையை விட்டேன்.

வழுக்கிக்கொண்டு போய் றொகானின் மடியில் இருந்தேன்.

"என்ன அத்தான், வெண்ணெய் மாதிரி வாறியள்?"

"வேர்வையடா."

மிஸ் என் வயிற்றைப் பார்த்தார். துவாரத்தைப் பார்த்தார். காஸ்காரனுக்கு வரவேண்டாம் என்று போன் எடுத்தார்.

றொகான் லொறிக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். காற்சட்டைப் பைக்குள் சின்னப் போத்தல் தொடையில் இடித்தது.

காலையில் கத்தரீனா அதை என் கையில் திணித்து, "தம்பி வந்து நிக்கிற இடத்திலை ரெண்டு துளி விடுங்கோ" என்றபோது, நான் இயந்திரங்களோடு வேலை செய்கிறவன் என்று சிரித்தேன். உள்ளே போய், அந்த வெல்டிங்கைக் கண்ணால் கண்டதும், ஆறாம் கேஜுக்கு மெழுகு பூசுவதற்கு முன்பு அரைப் போத்தல் தீர்த்தத்தை அதன்மேல் ஊற்றிவிட்டேன்.

கோயில் தீர்த்தத்தில் ஃபாதர் உப்புப் போட்டு மந்திரிப்பார். எங்கள் கோயிலில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேஜுக்கு ஈரம் ஆகாது, உப்பீரம் ஆகவே ஆகாது என்று புதுப் பெடியளுக்கு வகுப்பு எடுப்பவனும் நான்தான்.

றொகான் ஏறிக் கதவைச் சாத்தினான். அவன் கண்ணாடியைச் சரிசெய்த நேரத்தில் குனிந்து, மிச்சத்தை லொறியின் முன்சில்லு டயரில் ஊற்றினேன்.

அதில் கேஜ் ஒட்டவில்லை.