கோபமில்லாத கையெழுத்து

“இன்னைக்காவது கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?” படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள் தங்கை.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை முடித்து நேராக வந்திருந்த அக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியேறினாள். அந்தப் படிவம் பத்து நாளாக அவள் கைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது.

“ஆறு வருஷம் முன்னாடியே உன்னை நட்டாத்துல விட்டுட்டுப் போனவன். அவனுக்காக இன்னும் ஏன் இழுத்தடிக்கிறே?”

“கோபத்தோட போட்டா அப்புறம் நான் தூங்க முடியாதுடி. கோபம் போகட்டும்.”

தங்கை தலையிலடித்துக்கொண்டாள். கையெழுத்தில் கோபமென்ன, சாந்தமென்ன என்பது அவள் கட்சி.

மாடியில் தியான அறை, கீழே டயர் கடை. காற்றடிக்கும் இயந்திரம் புஸ்ஸென்று சீறும்போதெல்லாம் அக்காவின் தோள் ஒருமுறை அதிர்ந்தது. மற்ற யாரும் அசையவில்லை.

“சத்தம் தொந்தரவா இருக்காம்மா?” என்றார் புத்தத் துறவி. அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

“பரவாயில்ல சாமி. தினமும் கேக்கறதுதான்.”

அவர் சொல்லிக்கொடுத்த தியானம் கேட்க எளிதுதான். கண்ணை மூடி நாலு பேரை நினைக்க வேண்டும்: தன்னை, பிடித்தவரை, முன்பின் தெரியாதவரை, கடைசியாக நெஞ்சை உடைத்தவரை. ஒவ்வொருவரிடமும், ‘நலமாக இரு, வலியில்லாமல் இரு’ என்று மனதாரச் சொல்ல வேண்டும்.

முதல் மூன்று பேரை அவள் சுலபமாகத் தாண்டிவிடுவாள். நாலாவது ஆள் வந்ததும் வயிறு எரியும். அவன் சட்டையைத்தான் அன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியோடு வாசலில் நின்றவன், போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. “இஸ்திரிப்பெட்டியை அணைச்சுடு, கருகுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இன்றும் அந்த முகம் வந்தது. அவள் விரட்டவில்லை. மூச்சை மட்டும் கவனித்தபடி, எரிகிற இடத்தை எரியவிட்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது, ‘வலியில்லாமல் இரு’ என்ற சொல் தடங்கலில்லாமல் வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது.

படியிறங்கினால், தெருவில் அந்தப் பெண் காத்திருந்தாள். அவன் தேடிக்கொண்டு போனவள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“உங்க கால்ல விழறேன்க்கா. என் கையெழுத்து செல்லாதாம். சட்டப்படி நீங்கதான் பொண்டாட்டியாம். அவரை இன்னும் இப்படியே வெச்சிருக்க வேணாம்.”

தங்கை சண்டைக்குச் சேலையை வரிந்து கட்டினாள். அக்கா அவளைத் தடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். “வா, போகலாம்” என்றாள்.

ஆட்டோவில் போய் இறங்கிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, சுவரில் வைத்துப் படிவத்தைப் பிரித்தாள். மடிப்பில் பேனா இடறியது. நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

வாங்கிக்கொள்ள வந்தவர், “உறுதிதானேம்மா?” என்று கேட்டார்.

கதவைத் தாண்டி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

“மூச்சு மெஷினை அணைச்சுடுங்க, டாக்டர்.”